நூற்று அறுபத்தெட்டு

மாடல் நம்பர் சொல்லுங்க்கா என்றான்
கருமத்தம்பட்டியிலிருந்து சவரிமுத்து.
அது தெரிஞ்சாத்தான் சாமான் எடுத்துட்டு வர முடியுமாம்.

காய்கறி டப்பாவை உருவிவிட்டுத்
தலையை உள்ளே நுழைத்தேன்.
இடப்பக்கச் சுவரில் ஒரு ஸ்டிக்கர்.
ஒன்று, எட்டு,
அப்புறம் துடைத்துத் துடைத்தே போன வெள்ளை.
நூற்றெண்பதோ, நூற்றெண்பத்தைந்தோ.
கம்பெனிப் பேரில் கடைசி எழுத்து மட்டும்
கதவில் தொங்குகிறது.
பல்லடத்தில் செகண்ட் ஹேண்டில் எடுத்தது.
விற்றவன் சொன்ன வயசு நாலு.
தட்டுக்கு அடியில் யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள்:
கௌரி.
அதையும் போனில் படித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
பின்னாடி பாருங்க்கா.

பின்னாடி திருப்பினால்
கறுப்புக் கம்பியே கண்ணில் படவில்லை.
நாலு தறியின் பஞ்சு, ரெண்டு வருசத்துப் பஞ்சு
கம்பளி கணக்காய்ப் போர்த்தியிருந்தது.
கையால் உரித்தேன். ஒரு முறம் வந்தது.
அடியில் கம்ப்ரசர், அதன் தோளில் தகடு.
செல்போன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினேன்:
ஆர், நூற்று முப்பத்திநாலு, ஏ.
அது கேஸ் பேருங்க்கா என்றான்.
பரவால்ல, வர்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தான்.
பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து
மூடி, இழுக்கச் சொன்னான்.
மேலே பிடித்தது. நடுவில் பிடித்தது.
கீழ்மூலையில் கேட்காமலே கையோடு வந்தது.
சுடுதண்ணியில் துணி நனைத்து
அந்த மூலை ரப்பரை நீவி நீவி எழுப்பினான்.
இப்போ காது வைங்க என்றான்.

உர்ரென்று ஒரு முக்கல்.
மூணு எண்ணுவதற்குள் டிக்.
ஆறு நிமிசம் சும்மா.
மறுபடி முக்கல். டிக்.
ரிலேயை மாற்றினான். டிக்.
ஓவர்லோடு மாற்றினான். டிக்.
முதல்லயே இதப் பாத்திருக்கோணும் என்று முனகிக்கொண்டே
மீட்டரின் ரெண்டு முள்ளையும் பிளக்கில் செருகினான்.

நூற்று அறுபத்தெட்டு.

ஃப்ரிட்ஜ்ல ஒண்ணுமில்லீங்க்கா,
கரண்ட்லதான்.
வீதியில் இருநூறு தறி, ஒரே டிரான்ஸ்பார்மர்.
எங்களுது நாலும் அதில் சேர்த்தி.
ஸ்டெபிலைசர் மூவாயிரத்து நானூறு என்றான்.
இந்தப் பாவு முடியட்டும் என்றார் இவர்.

பாவு முடிந்தது. அடுத்தது வரவில்லை.
ஆடிப்பெருக்கு கழிந்த திங்கட்கிழமை
கூலியை ஏத்திக் கொடுத்தால்தான் என்று
சோமனூர் முழுக்கத் தறி நின்றது.

அன்றைக்கு ராத்திரி
சத்தமில்லாததால் தூக்கமில்லை.
மணி ரெண்டு இருக்கும்.
அடுக்களையில் உர்ரென்றது.
மூணு எண்ணினேன். பத்து எண்ணினேன்.
நாற்பது வரைக்கும் போய்
எண்ணுவதை நான்தான் நிறுத்தினேன்.
எழுந்து போய்ப் பக்கவாட்டில் கை வைத்தேன். சூடு.
மூணாம் நாள்
ஐஸ் தட்டைப் பெயர்க்கக் கரண்டிக்காம்பு வேண்டியிருந்தது.

சவரிமுத்துக்குப் போன் போட்டேன்.
சந்தோசமுங்க்கா என்றான்.
ஒங்க பக்கம் எல்லா ஃப்ரிட்ஜும் இப்படித்தான்
தானா நல்லாயிருச்சு.
நானு என்னத்தைத் திங்கறது?

பத்தொன்பதாம் நாள்.
கதவைத் திறந்தால் விளக்குப் பளிச்சென்று எரிகிறது,
பாதி எலுமிச்சம்பழத்தின் மேல்,
சொம்பில் கொஞ்சம் ரேசன் அரிசி மாவின் மேல்,
பக்கத்து வீட்டுச் செல்லாயாளின் இன்சுலின் மேல்.
அவர்கள் ஃப்ரிட்ஜை
போன வாரம் விற்றுவிட்டார்கள்.
ஓடுற ஃப்ரிட்ஜ் என்பதால் நல்ல விலையாம்.

இருபத்தெட்டாம் நாள் பேசி முடித்தார்கள்.
மீட்டருக்கு எத்தனை பைசா என்று
இவர் சொல்லவில்லை.
சட்டையை ஆணியில் மாட்டிய விதம் போதும்,
நான் கேட்கவில்லை.

விடிகாலை ஆறு மணிக்குக் கோடி வீட்டில் முதல் தறி.
பிறகு எதிர்வீடு. பிறகு எங்களுது.
பிறகு எதென்று பிரிக்க முடியாத சத்தம்.
அடுக்களையில் நின்றபடி
காதை வைத்து எண்ண ஆரம்பித்தேன்.
ஒன்று. ரெண்டு.

மண்சட்டியில் மணலை நனைத்து
செல்லாயாளின் மருந்தை அதில் இறக்கி வைத்தேன்.